சூப்பர் காருக்குப் புது டயர்: பின் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

1990-களிலும் 2000-களிலும் வந்த சூப்பர் கார்களுக்கு டயர் மாற்றும் பேச்சை எடுத்தாலே, முதலில் அலசப்படுவது சக்கரத்தின் அழகுதான். எந்த வீல் எடுப்பாக இருக்கும், ஒரு அங்குலம் பெரிதாகப் போடலாமா, என்ன நிறம் என்று எல்லாம் முடிவான பிறகுதான் அதில் ஏறக்கூடிய டயரைத் தேடப் போகிறார்கள். தேடும்போதுதான் தெரியும், அந்த அளவில் நல்ல டயரே இல்லை என்று. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். முதலில் பின் டயர். பிறகு அதற்கு ஜோடியாகும் முன் டயர். எல்லாவற்றுக்கும் கடைசியில் சக்கரம்.

ஏன் பின் டயர்? அதுதான் கிடைக்காத பொருள். ஃபெராரி எஃப்355-இன் முன் டயர் 225/40 ஆர்18. அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். எத்தனையோ சாதாரண ஹேட்ச்பேக் கார்களும் அதே அளவைப் போட்டு ஓடுகின்றன. எந்த நிறுவனத்திடமும் கிடைக்கும். லம்போர்கினி முர்சியேலாகோவின் பின் டயரோ 335/30 ஆர்18. ஃபெராரி எஃப்40-க்கும் லம்போர்கினி டியாப்லோவுக்கும் பின்னால் 335/35 ஆர்17. 2005 ஃபோர்டு ஜிடி-க்கு 315/40 ஆர்19. இவற்றைப் போடும் கார்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அதனால் இந்த அளவுகளை டயர் நிறுவனங்கள் ஆண்டு முழுக்க வார்ப்பதில்லை. தேவை சேர்ந்ததும் ஒரு தொகுதி வார்த்துவிட்டு அச்சை ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தத் தொகுதி விற்றுத் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் வரும் பெரிய தவறு ஒன்றுதான்: முன்னால் ஒரு நிறுவனத்தின் புத்தம்புதிய டயர், பின்னால் வேறொரு நிறுவனத்தின் பழைய வடிவம். என்ஜின் நடுவில் இருக்கும் காரில் எடையின் பெரும்பகுதி பின் அச்சில் உட்கார்ந்திருக்கும். முன் டயரின் பிடிமானம் பின் டயரை மிஞ்சிவிட்டால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உள்ளே பாயும்; வால் வெளியே போகும். கார் சறுக்கத் தொடங்கினால் நடுவில் இருக்கும் அந்த எடை சட்டென்று சுழன்றுவிடும். திருத்துவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. காய்ந்த சாலையில் இது தெரியாமல் போகலாம். மழையில் கட்டாயம் தெரியும். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே காலத்தில் தயாரானவை என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பிரெல்லியின் பழைய பி ஜீரோவில் முன்னால் டிரெசியோனாலே, பின்னால் அசிமெட்ரிகோ என்று இரண்டு வேறு பள்ள வடிவங்களை ஒரே ஜோடியாக வடிவமைத்தார்கள். பார்க்கக் கலப்படம் போலத் தெரியும். ஆனால் அது நிறுவனமே சேர்த்து வைத்த ஜோடி. முன்னும் பின்னும் வேறுபடுகிறதே என்று நினைத்து அதைத் "திருத்த" வேண்டாம்.

பிடிமானத்துக்கு அடுத்தது விட்டம். இதைத்தான் பலர் கணக்குப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். டயரின் அகலத்தை அதன் உயர விகிதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம்மின் விட்டத்தை மி.மீ.-இல் கூட்டினால் மொத்த விட்டம் வரும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ஃபெராரி 360 மொடேனாவை எடுத்துக்கொள்வோம். முன்னால் 215/45 ஆர்18: பக்கச்சுவர் இரண்டும் சேர்த்து 193.5, ரிம் 457.2, மொத்தம் 650.7 மி.மீ. பின்னால் 275/40 ஆர்18: 220-உடன் 457.2, மொத்தம் 677.2 மி.மீ. பின்னதை முன்னதால் வகுத்தால் 1.041. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட 4.1 சதவீதம் பெரியது. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும், ஆக்சிலரேட்டரில் வழுக்காமலும் காப்பவை) இரண்டின் கணினியும் இந்த விகிதத்தை மனத்தில் வைத்துத்தான் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடுகின்றன.

அதே 360-இன் சேலஞ்ச் ஸ்ட்ராடாலே வடிவத்துக்கு 19 அங்குல வீல்: முன்னால் 225/35, பின்னால் 285/35. அழகான சக்கரம், மொடேனாவில் மாட்ட ஆசைப்படுபவர்கள் நிறைய. கணக்குப் போட்டால் முன் விட்டம் 640.1, பின் விட்டம் 682.1, விகிதம் 1.066. மொடேனாவின் விகிதத்தைவிட 2.4 சதவீதம் கூடுதல். அதாவது மொடேனாவின் கணினி எதிர்பார்ப்பதைவிடப் பின் சக்கரம் எப்போதும் மெதுவாகச் சுற்றும். உண்மையிலேயே சக்கரம் வழுக்கும்போது அந்த வழுக்கலில் 2.4 சதவீதத்தைக் கணினி பார்க்காது, தாமதமாகத்தான் தலையிடும். ஸ்ட்ராடாலேயின் கணினிக்கு இது சரியான அளவு. மொடேனாவின் கணினிக்கு அல்ல.

ஹோண்டா என்எஸ்எக்ஸில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1991 காருக்கு முன்னால் 205/50 ஆர்15, பின்னால் 225/50 ஆர்16. விட்டங்கள் 586, 631.4, விகிதம் 1.077. 1994-இல் அளவு மாறி முன்னால் 215/45 ஆர்16, பின்னால் 245/40 ஆர்17 ஆனது, 599.9, 627.8, விகிதம் 1.047. இந்தப் பிந்தைய சக்கரங்களைத் தூக்கி 1991 காரில் அப்படியே போட்டால், பின் சக்கரம் எதிர்பார்ப்பதைவிட ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாகச் சுற்றும். நேர்கோட்டில் நிதானமாகப் போகும்போதுகூட, கணினியின் கண்ணுக்குப் பின் டயர் எப்போதும் கொஞ்சம் வழுக்குவதாகவே படும். தேவையில்லாத நேரத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ஜினை அமுக்கும். விகிதம் ஒரு பக்கம் தப்பினால் காவல் தாமதிக்கிறது. மறுபக்கம் தப்பினால் காரணமில்லாமல் குறுக்கிடுகிறது. முதல் வகைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஏனென்றால் ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

என் வரம்பு இது: விகிதம் தொழிற்சாலை அளவிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது, ஒவ்வொரு டயரின் விட்டமும் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவு பெயரளவுதான். ஒரே 275/40 ஆர்18 என்றாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மை விட்டமும் அகலமும் சில மி.மீ. வேறுபடும். வாங்குவதற்கு முன் அந்த மாடலின் தொழில்நுட்பத் தாளில் மொத்த விட்டத்தையும், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்பதையும் பார்த்து, அந்த எண்களை வைத்து மறுபடியும் வகுத்துப் பாருங்கள்.

நான்கு சக்கரங்களுக்கும் உந்துதல் போகும் கார்களில் இந்தக் கணக்கைத் தள்ளிப்போடவே முடியாது. லம்போர்கினி கயார்டோவில் முன் அச்சுக்குச் சக்தி விஸ்கஸ் கப்ளிங் (கெட்டித் திரவத்தால் சக்தியைக் கடத்தும் இணைப்பு) வழியாகப் போகிறது. முன்னும் பின்னும் உள்ள வேக வித்தியாசம் அளவு மீறினால் உள்ளே இருக்கும் சிலிகோன் திரவம் ஓயாமல் அறுபட்டுச் சூடேறும். தொடர்ந்து அப்படி ஓட்டினால் கப்ளிங் கெட்டுப்போகும். அதன் அளவுகள் முன்னால் 235/35 ஆர்19, பின்னால் 295/30 ஆர்19, 647.1, 659.6, விகிதம் 1.019. பின் டயர் 5 மி.மீ. தேய்ந்தால் அதன் விட்டம் 10 மி.மீ. குறைந்து விகிதம் 1.004 ஆகிவிடும். இந்த நிலையில் முன் டயர்களை மட்டும் புதிதாகப் போடுவது மோசமான முடிவு. மாறாக, முன் டயர் 2 மி.மீ. மட்டும் தேய்ந்திருந்து பின் ஜோடியைப் புதிதாக மாற்றினால் விகிதம் 1.026, தொழிற்சாலை அளவிலிருந்து 0.6 சதவீதம்தான் தள்ளி நிற்கும். பொறுத்துக்கொள்ளலாம். டெப்த் கேஜால் நான்கு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வைத்தால் இந்த முடிவுகளுக்கு ஊகம் தேவைப்படாது.

பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் வரை, ஒய் என்றால் 300 வரை, சுமை எண்ணையும் ஒய்யையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 300-க்கு மேல். ஆனால் அந்த உச்ச வேகத்தில் டயர் தன் முழுச் சுமையையும் தாங்குவதில்லை. ஒய் டயர் 270 வரை முழுச் சுமை தாங்கும். அதன் பிறகு ஒவ்வொரு 10 கி.மீ.-க்கும் 5 சதவீதம் குறைந்து, 300-இல் 85 சதவீதம்தான் மிஞ்சும். டபிள்யூவில் இந்த இறக்கம் 240-லேயே ஆரம்பித்துவிடுகிறது. வேகத்தில் போக உத்தேசம் இல்லை என்றாலும் காரின் தொழிற்சாலைக் குறியீட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். சூட்டைத் தாங்கும் உள்கட்டுமானமும் அந்த எழுத்தோடு சேர்ந்தே வருகிறது.

சுமை எண்ணில் இன்னொரு குழப்பம் உண்டு. 275/40 ஆர்18-இல் 99 என்ற டயரும் கிடைக்கும், எக்ஸ்எல் (கூடுதல் சுமை) என்று போட்ட 103-உம் கிடைக்கும். 99 என்றால் 775 கிலோ, 103 என்றால் 875 கிலோ. அந்தக் கூடுதல் 100 கிலோ சும்மா வருவதில்லை. சாதாரண டயரின் சுமை 2.5 பார் அழுத்தத்தில் கணக்கிடப்படுகிறது. எக்ஸ்எல் டயருக்கு 2.9 பார். காரின் கதவோரத்தில் எழுதிய பழைய அழுத்தத்தையே வைத்தால் எக்ஸ்எல் டயர் அதிகம் எதையும் தாங்கிவிடாது. பக்கச்சுவரின் விறைப்பு மட்டும்தான் கூடும். எடை குறைந்த பழைய கார்களில் அந்த விறைப்பு ஓட்டத்தைக் கரடாக்கும். இரண்டும் கிடைத்தால் நான் சாதாரணச் சுமை டயரையே எடுப்பேன்.

பிறகு, கார் நிறுவனங்கள் சோதித்து ஒப்புதல் கொடுத்த டயர்களின் முத்திரை. போர்ஷேவுக்கு என் என்ற எழுத்தும் ஒரு எண்ணும், ஃபெராரிக்கு கே, லம்போர்கினிக்கு எல். ஒரே பெயரில் விற்கும் டயருக்கும் முத்திரை உள்ள டயருக்கும் ரப்பர் கலவையும் உள்கூடும் வேறாக இருக்கலாம். போர்ஷேயில் என்0, என்1, என்2 என்ற எண்கள் அடுத்தடுத்த தலைமுறைகளைக் குறிக்கும்; முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்று கலக்கக் கூடாது. முத்திரையுள்ள டயர் புதிய தேதியில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால், முத்திரைக்காக ஐந்து வருடம் கிடங்கில் கிடந்த டயரை வாங்குவதைவிட, முத்திரையில்லாத இன்றைய உயர்தர டயரை நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாடலாக வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

நல்ல செய்தி என்னவென்றால், சில கார்களுக்கு நிறுவனங்கள் திரும்ப வந்திருக்கின்றன. போர்ஷே கரேரா ஜிடி 265/35 ஆர்19, 335/30 ஆர்20 அளவுகளில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 2 டயரோடு வந்த கார். ஓட்டுவதற்குக் கடினமானது என்று பெயர் வாங்கியது. அதற்கென்றே மிஷெலினும் போர்ஷேயும் சேர்ந்து அண்மையில் பைலட் ஸ்போர்ட் கப் 2 டயரை உருவாக்கியிருக்கிறார்கள். பிரெல்லியின் கொலெசியோனே வரிசை பழைய பள்ள வடிவத்தை இன்றைய ரப்பரில் தருகிறது. காரின் பழைய தோற்றம் கெடாது, பிடிமானமும் கிடைக்கும்.

கப் 2, டிராஃபியோ ஆர் மாதிரியான பந்தயத்தள டயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சூடேறினால்தான் அவை பிடிக்கும். குளிரிலும் தேங்கிய நீரிலும் சாதாரண உயர்தரச் சாலை டயரைவிட மோசம். கல்லைப் பொறுக்கிப் பின் ஃபெண்டரின் பெயின்ட்டில் அடிக்கும். 20 வருடப் பழைய புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும் வீல் பேரிங்குகளும் அந்தப் பக்கவாட்டு விசையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எண்ணெய்த் தொட்டி என்ஜினுக்கு அடியிலேயே இருக்கும் வெட் சம்ப் கார்களில் நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் அபாயமும் உண்டு. கார் அதிகமாக ஓடுவது பந்தயத்தளத்தில் என்றால் மட்டும் யோசியுங்கள்.

இப்போது வயது. சூப்பர் கார் டயர்கள் தேய்ந்து சாவதை விட முதிர்ந்து சாவதுதான் அதிகம். வருடத்துக்கு ஆயிரம் கி.மீ. ஓடும் காரில் பத்து வருடம் கழித்தும் பள்ளம் புதிதுபோல் இருக்கும். ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிப்பு விழ வைக்கின்றன. அதைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் டயர் ஓடி வளையும்போதுதான் மேற்பரப்புக்கு ஊறி வரும். நின்றுகொண்டே இருக்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் இருவர் உயிரிழந்த கரேரா ஜிடி விபத்தில், விசாரணை வேகத்தையே முதன்மைக் காரணமாகச் சொன்னது; அதோடு காரின் டயர்கள் ஒன்பது வயதானவை என்றும், அதனால் காரின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் குறிப்பிட்டது.

தயாரிப்புத் தேதி பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கமாக இருக்கும். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். காரை நகர்த்தக்கூட அதை நம்பாதீர்கள். முழு எண்ணும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதும் உண்டு. வெளியே தெரியவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சோதனை, பத்து வயதில் கட்டாய மாற்றம் என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. இவ்வளவு சக்தியுள்ள காருக்கு ஆறு வயதுதான் நான் ஒத்துக்கொள்ளும் எல்லை. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ டூரோமீட்டர் கையடக்கக் கருவிதான்; புதிதாக வாங்கியபோதே ஓர் அளவு எடுத்து வைத்து ஒவ்வொரு வருடமும் ஒப்பிடுங்கள். 60-களில் ஆரம்பித்த டயர் 80-ஐத் தொட்டால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. பள்ளத்தின் அடியிலும் பக்கச்சுவர் ரிம்மைத் தொடும் இடத்திலும் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அதே தீர்ப்புதான்.

ஆர்டர் கொடுக்கும் முன் நான்கு டயரின் தேதிக் குறியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காத அளவுகள் கிடங்கில் வருடக்கணக்கில் கிடப்பவை. "புதியது" என்பது ஓட்டாதது என்ற பொருளில் மட்டுமே இருக்கலாம்.

டயர் முடிவானால் சக்கரம். இருக்கும் தொழிற்சாலைச் சக்கரம் ஆரோக்கியமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முதல் பதில். மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு: பழைய சக்கரம் கெட்டுவிட்டது, அல்லது அந்த அளவில் டயரே வருவதில்லை. என்எஸ்எக்ஸின் 15, 16 அங்குலச் சக்கரங்கள் இரண்டாவது வகை. அதற்கு முன்னால் 215/40 ஆர்17, பின்னால் 265/35 ஆர்18 போட்டால் விட்டங்கள் 603.8, 642.7; விகிதம் 1.064. 1991-இன் 1.077-க்கு 1.2 சதவீதம் குறைவு. முன் விட்டம் 3 சதவீதம் கூடியிருக்கிறது. என் வரம்பை இது சற்றே தாண்டுகிறது. ஆனாலும் டயர் இல்லாத காரைவிட மேல். இதைத் தேர்ந்தெடுப்பவர் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன் சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறையில் உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

சக்கரத்தில் பொருந்த வேண்டியவை போல்ட் வட்டம் (போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, அகலம், ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பொருந்தும் தளம் வரை உள்ள தூரம்), போல்ட் உட்காரும் வடிவம். போல்ட் வட்டத்தில் "கிட்டத்தட்ட" என்ற பேச்சே இல்லை. ஃபெராரி 360-க்கு 5 துளை, 108 மி.மீ.; கயார்டோவுக்கு 5 துளை, 112; என்எஸ்எக்ஸுக்கு 5 துளை, 114.3. 112-க்கும் 114.3-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இழுத்துப் பிடித்தால் மாட்டியும் விடலாம். போல்ட் கோணலாக அமர்ந்து, ஓட ஓடத் தளர்ந்துவிடும். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் உலோக வளையம் போட்டு இடைவெளியை நிரப்புங்கள். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் உருகும்.

ஆஃப்செட்டை எண்ணாக மட்டும் பார்க்காமல் அகலத்தோடு சேர்த்துப் போடுங்கள். அகலத்தின் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் சக்கரம் ஹப் தளத்திலிருந்து உள்ளே எவ்வளவு போகிறது என்று வரும். கழித்தால் வெளியே எவ்வளவு நீள்கிறது என்று வரும். 8.5 அங்குல அகலம், ஆஃப்செட் 40 என்றால் உள்ளே 148, வெளியே 68 மி.மீ. 9 அங்குலம், ஆஃப்செட் 35-க்கு மாறினால் உள்ளே 149.3, வெளியே 79.3. உள்பக்கம் ஒரு மி.மீ. சொச்சம்தான் நகர்ந்தது, வெளிப்பக்கம் 11 மி.மீ.-க்கு மேல் நீண்டுவிட்டது. முன் சக்கரத்தில் இந்த நீட்டல் அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். சாலையின் ஒவ்வொரு தடமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஈரத்தில் இருக்கும்போது பிரேக் போட்டால் கையில் உதைக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத ஆரம்பகால மேனுவல் என்எஸ்எக்ஸ் போன்ற காரில் இது இன்னும் பலமாகத் தெரியும். அந்தக் காரின் ஸ்டியரிங் சுகமே போய்விடும்.

போல்ட் உட்காரும் இடம் உயிர் விஷயம். ஹோண்டாவின் தொழிற்சாலைச் சக்கரங்களில் நட் உட்காரும் பள்ளம் உருண்டை வடிவம். வெளிச்சந்தைச் சக்கரங்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டைப் பள்ளத்தில் கூம்பு நட் போட்டால் ஒரு மெல்லிய வளையக் கோடுதான் தொடும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணில் "கிளிக்" என்று சொல்லும், ஆனால் பிடி இருக்காது. சக்கரத்தை மாற்றினால் நட், போல்ட்டையும் அந்தச் சக்கரத்துக்கு ஏற்றதாக மாற்றுங்கள். போல்ட்டின் நீளத்தையும் பாருங்கள்: மரை ஹப்பில் குறைந்தது போல்ட்டின் விட்ட அளவுக்காவது இறங்க வேண்டும், அதிகமாக நீண்டால் பின்னால் சுற்றும் பாகங்களில் இடிக்கும். காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது தேவை. ஸ்போக்கின் உள்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்துவிடலாம்.

பழைய சக்கரத்தைப் புதுப்பிப்பதாக இருந்தால் பெயின்ட்டைப் பற்றிப் பேசும் முன், சக்கரம் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். டயல் கேஜில் மேல்கீழும் பக்கவாட்டும் 0.5 மி.மீ.-க்குள் இருந்தால் அருமை. 1 மி.மீ. தாண்டினால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது. பெயின்ட்டை உரித்தபின் சாயம் ஊடுருவும் சோதனையில் வெடிப்புத் தேட வேண்டும். குறிப்பாக ஸ்போக்கின் வேரிலும் உள் விளிம்பிலும். வெடிப்புள்ள சக்கரத்தை வெல்டிங் செய்து இந்த வேகத்தில் ஓடும் காரில் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பவுடர் கோட்டிங் போடும் அடுப்பு பொதுவாக 200 டிகிரி செல்சியஸ் அருகே ஓடும். ஃபோர்ஜ் செய்த அலுமினியத்துக்கு வலுவைக் கொடுத்த வெப்பப் பதமே அதற்குக் கீழேதான் நடந்திருக்கும். குறைந்த வெப்பத்தில் இறுகும் பவுடரைக் கேளுங்கள், இல்லையென்றால் சாதாரண ஈரப் பெயின்ட் போதும்.

மெக்னீசியச் சக்கரங்களுக்குத் தனி மரியாதை வேண்டும். ஃபெராரி எஃப்50-யும் கரேரா ஜிடியும் அவற்றோடுதான் வந்தன. எடை குறைவு, ஆனால் பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால் ஈரம் உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். மேலே பெயின்ட் கொப்புளமாகத் தெரியும்போது கீழே வெகுதூரம் போயிருக்கும். அமிலம் கலந்த வீல் கிளீனர் கூடவே கூடாது. அவற்றைப் புதுப்பிப்பது மெக்னீசியத்தில் பழகிய பட்டறையின் வேலை. கரேரா ஜிடியின் நடு நட்டுகள் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். பக்கம் மாறக் கூடாது என்பதற்கான நிறம் அது. எஃப்40 போன்ற மூன்று துண்டுச் சக்கரங்களில் மெதுவாகக் காற்று இறங்கினால் வால்வை மாற்றிப் பயனில்லை. துண்டுகள் சேரும் இடத்துச் சீலன்ட் காய்ந்திருக்கும். பிரித்து, சுத்தம் செய்து, புதுச் சீலன்ட் போட்டு, போல்ட்டுகளைக் குறித்த முறுக்கில் பூட்ட வேண்டும்.

டயர் ஏற்றும் இடத்தில் நெம்புகோல் இல்லாத மெஷின் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். 335 அகல டயரின் உள் விளிம்பு விறைப்பானது. அவசரப்பட்டு நெம்பினால் விளிம்பின் ரப்பர் கிழியும், அல்லது உள்ளே இருக்கும் அழுத்த சென்சார் உடையும். சென்சாரின் பேட்டரி ஏழு முதல் பத்து வருடம். பழையதாக இருந்தால் டயர் கழன்றிருக்கும்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ரப்பர் வால்வு 210 கி.மீ. வேகத்துக்கு மேல் ஏற்றதல்ல, உலோக வால்வுதான் வேண்டும். ரிம்மில் டயர் உட்காருவதற்கு 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவி ஆரம்பிக்க வேண்டும். பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம். வால்வுக்கு நேரே வைத்தால் பேலன்ஸ் எடைகள் குறையும்.

பீங்கான் பிரேக் டிஸ்க் உள்ள காரில் சக்கரத்தைக் கையால் தூக்கி மாட்டாதீர்கள். ரிம் லேசாக இடித்தாலே டிஸ்க்கின் ஓரம் பெயர்ந்துவிடும். போல்ட் துளைகள் இரண்டில் வழிகாட்டிக் கம்பிகளைத் திருகி, அதன் மேல் சக்கரத்தை வழுக்கி உள்ளே தள்ள வேண்டும். முறுக்கு என்எஸ்எக்ஸில் ஏறக்குறைய 108 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு காருக்கும் அதன் கையேட்டில் உள்ள எண்தான். காற்று கன் வேண்டாம். நட்சத்திர வரிசையில் இரண்டு சுற்றாக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின், சக்கரம் ஆறியதும் மறுபடி சோதியுங்கள்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். நடு என்ஜின் கார்களின் பின் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். டோ அளவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருந்தால் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் பாதிப் பள்ளம் மீதி இருப்பதுபோல் தோன்றும். பின் டயருக்குப் பின்னால் செல்போனை நீட்டிப் படமெடுத்துப் பாருங்கள். கழற்றிய பழைய டயரின் தேய்மானமே அலைன்மென்ட்காரருக்கு நல்ல வரைபடம். அதைத் தூக்கிப் போடும் முன் காட்டுங்கள்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். ரிம்மில் தடவிய பேஸ்ட் காயாதபோது பலமாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ரிம் டயருக்குள் வழுக்கித் திரும்பிவிடும், பேலன்ஸ் போய்விடும். டயரிலும் ரிம்மிலும் நேருக்கு நேர் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும்.

கிடைக்காத அளவு என்பதால் இன்னொரு பின் ஜோடி வாங்கிப் பதுக்கி வைக்கலாமா? இரண்டு மூன்று வருடத்துக்குள் பயன்படுத்துவீர்கள் என்றால் மட்டும். இறுக்கமான பையில் கட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில், ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி நிறுத்தி, ஓசோன் உண்டாக்கும் மின்மோட்டார்களிலிருந்து தள்ளி வைத்தால் முதிர்வு மெதுவாகும்; நிற்காது. பக்கச்சுவரில் இருக்கும் அந்த நான்கு இலக்கம் பைக்குள்ளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.